மழைக்காலத்து நோன்பும் என் மகளும்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றனர். இன்றைய பாடநூல்களிலும் மொழிபெயர்ப்புக் கதைகளிலும் 'இலையுதிர்காலம்' என்ற சொல்லை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். காவிரிக் கடைமடையில், கடலோரத்தில் வாழும் நமக்கு அச்சொல் சிறிதும் பொருந்துவதில்லை. மேல்நாட்டில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் அதே மாதங்களில்தான் இங்கே வேலிகள் தழைக்கின்றன, குளங்கள் நிறைகின்றன, கொல்லைப்புறச் சுவர்கள் பாசி பூத்துப் பச்சையாகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையால்தான் தமிழகம் தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைப் பெறுகிறது. நாகை மாவட்டக் கரையோரத்துக்கோ பாதிக்கு மேலும் அதுவே தருகிறது.

இந்தக் கூதிர்காலத்தில் ரமளான் வருவது எல்லோருக்கும் எல்லா வயதிலும் கிட்டுவதன்று. 'ரமள்' என்ற அரபுச் சொல்லுக்குச் சுட்டெரிக்கும் வெப்பம் என்று பொருள். ஆனால் சந்திரனைக் கொண்டு கணிக்கப்படும் நம் ஆண்டு, சூரிய ஆண்டைவிடப் பத்து அல்லது பதினொரு நாட்கள் குறைந்தது. பருவத்தோடு மாதத்தைக் கட்டிவைப்பதற்காக இடையில் நாட்களைச் செருகும் பழக்கத்தைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் முப்பத்தேழாம் வசனம் விலக்கிவிட்டது. ஆகவே, வெப்பத்தின் பெயரைத் தாங்கிய மாதம் கோடையிலும் வருகிறது, குளிரிலும் வருகிறது, அடைமழையிலும் வருகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 33 ஆண்டுகள் ஆகின்றன. 2003, 2004, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோன்பு அக்டோபரில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. அதே மழைக்காலத்துக்கு அது மீண்டும் வருவது 2036ஆம் ஆண்டை ஒட்டித்தான். அப்பொழுது என் மகளுக்கு முப்பத்தாறு வயதாகியிருக்கும். 2005ஆம் ஆண்டு, அதாவது ஹிஜ்ரி 1426இன் ரமளானில் அவளுக்கு ஐந்து வயது. அந்த ஒரு பருவத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அதற்கு முந்திய டிசம்பரைச் சொல்லாமல் இதைச் சொல்ல இயலாது. நாங்கள் நாகூரில் குடியிருந்தோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நிறைமதி நாள். காலை ஒன்பது மணியளவில் கடல் கரையேறியது. எங்கள் வீடு கடற்கரையிலிருந்து சற்று உள்ளடங்கி இருந்ததால் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வரவில்லை. வந்தது மனிதர்களின் ஓட்டமும் கூக்குரலும்தான். 'கடல் வருது, கடல் வருது' என்று அலறிக்கொண்டு ஓடிய கூட்டத்தோடு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் மேற்கு நோக்கி ஓடினேன். முன்னால் பார்த்து ஓடிய நான் எதையும் காணவில்லை. என் தோளில் முகம் பதித்துப் பின்னால் பார்த்துக்கொண்டு வந்தவள் அவள். அவள் காலில் கிடந்த செருப்புகளில் ஒன்று வழியில் விழுந்துவிட்டது.

நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களில் ஆளில்லாமற் போன வீடுகள் எத்தனையோ. எங்கள் குடும்பத்தில் உயிரிழப்பு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பெற்றவர்களைப் பறிகொடுத்த குழந்தைகளின் துயரத்துக்கு முன்னால், ஒரு மதரஸா ஆசிரியரின் மகள் அடைந்த அச்சம் பெரிதன்று. எனினும் அச்சமும் ஓர் உண்மைதான். ஒரு வீட்டுக்குள் அது பத்து மாதங்கள் தங்கியிருந்தது.

அவள் அழவில்லை. கடலைப் பற்றிப் பேசவும் இல்லை. இரண்டே மாற்றங்கள்தாம் தெரிந்தன. படுக்கப் போகுமுன் தன் செருப்புகளை எடுத்து வந்து, தலைமாட்டில் சன்னல் திட்டின் மேல் இணையாக வைத்துக்கொள்வாள். இரண்டாவது, யாரேனும் ஒருவர் விழித்திருந்தால்தான் உறங்குவாள். "நான் தூங்குறப்ப நீங்க தூங்கக் கூடாது வாப்பா" என்பாள். விளக்கை அணைத்துவிட்டுப் பாசாங்காகப் படுத்திருந்தால் கண்டுபிடித்துவிடுவாள். என் இமையைத் தன் விரலால் திறந்து பார்ப்பாள். ஆகவே நாங்கள் முறை வகுத்துக்கொண்டோம். நள்ளிரவு வரை நான். பிறகு அவளுடைய உம்மா. தஹஜ்ஜுதுத் தொழுகைக்கு எழும் வழக்கமுள்ள உம்மம்மா அதற்குப் பின். கோடையில் இது சற்றுத் தளர்ந்தது. விளையாடிக் களைத்து, கேளாமலேயே உறங்கிய இரவுகளும் உண்டு. குழந்தை தேறிவிட்டாள் என்று உறவினர் கூறினர்.

செப்டம்பர் முடிந்து காற்று திசை மாறியதும் எல்லாம் திரும்பி வந்தது. கடலோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும். தென்மேற்குப் பருவத்தில் எங்கள் கடலின் ஓசை ஊருக்குள் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஐப்பசி நெருங்கி, வாடையும் கொண்டலும் வீசத் தொடங்கினால், இரவின் அமைதியில் அந்த இரைச்சல் தெருத் தெருவாக நடந்து வரும். அந்த ஆண்டு மழையும் இயல்பைவிட மிகுதி. வெட்டாறு கரை தொட்டு ஓடியது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றாலே மகள் மாடிப்படியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். எந்தப் படி வரை தண்ணீர் வரும் என்று கேட்பாள். வராது என்று சொன்னால் நம்பமாட்டாள். அன்றும் வராது என்றுதானே எல்லோரும் இருந்தோம்!

இந்நிலையில்தான் அக்டோபர் முதல் வாரத்தில் ரமளான் பிறந்தது. அரபு மதரஸாக்களின் ஆண்டு விடுமுறை பள்ளிக்கூட விடுமுறையைப் போன்றதன்று என்பதை வாசகர் பலர் அறிவர். ஷஅபான் பிற்பகுதியில் தேர்வுகள் முடிந்து மூடப்பட்டால், ஷவ்வால் பிறந்து சில நாட்கள் சென்ற பின்பே மீண்டும் திறக்கும். கல்லூரியில் தமிழிலக்கியம் பயின்றுவிட்டு மதரஸாவில் மொழியும் கணக்கும் கற்பித்துவந்த எனக்கு, ஓராண்டில் பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் காலம் அதுவொன்றே. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளின் தந்தையர் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்தனர். அவர்களுக்கு நோன்புக்கால வாப்பா என்றால் தொலைபேசிக் குரல்தான். ஊதியம் சிறிதே ஆயினும், என் மகளுக்கு அந்த மாதத்தில் முழு வாப்பா கிடைத்தேன்.

ரமளானில் ஓர் ஊரின் இரவு எவ்வாறு மாறுகிறது என்பதைச் சிறுவயது முதல் பழகிப்போன நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இஷாவுக்குப் பின் தராவீஹ் முடிந்து ஆண்கள் வீடு திரும்பவே பத்து மணியாகிறது. பெண்கள் ஏதேனும் ஒரு வீட்டின் கூடத்தில் அணிவகுத்துத் தொழுது, பேச்சும் சிரிப்புமாகக் கலைகிறார்கள். கடைத்தெருவில் வாடா பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி நள்ளிரவு வரை கொதிக்கிறது. இரண்டரை மணிக்கெல்லாம் முதல் அடுப்பு பற்றவைக்கப்படுகிறது. மூன்று மணிக்குத் தாயிராவைத் தட்டிக்கொண்டு ஃபக்கீர்சா வருகிறார். நான்கே முக்கால் அளவில் பஜ்ருடைய பாங்கு. அதாவது, ஊர் முழுவதும் ஒருசேர உறங்கும் நேரம் என்பது நாலைந்து மணிக்கு மேல் இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவள் என் மகளே. இரண்டாவதோ மூன்றாவதோ நோன்பின் ஸஹர் நேரம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தாயிரா ஓசை கேட்டு விழித்தவள் அஞ்சுவாள் என்று எண்ணி, நான் அருகில் சென்றேன். அவள் எழுந்து சன்னலருகே நின்றாள். எதிர்வீட்டில் விளக்கு. அதற்கடுத்த வீட்டில் விளக்கு. குடைக்கம்பியில் நீர் வழிய, தலையில் பாலித்தீன் உறையைக் கவிழ்த்துக்கொண்டு ஃபக்கீர்சா பாடியபடி போகிறார். தோலில் ஈரம் பட்டதால் தாயிராவின் ஒலி மங்கி, பானையைத் தட்டுவதுபோல் கேட்டது. கண்ணுக்கெட்டிய வரை விளக்குகளை அவள் எண்ணினாள். அவளுக்கு அப்பொழுது இருபது வரைதான் எண்ணத் தெரியும், இருபதைத் தாண்டிவிட்டது.

"எல்லாரும் முழிச்சிருக்காங்களா வாப்பா?"

"ஆமாம்மா, எல்லாரும்தான்."

"தினமுமா?"

"நோன்பு முடியிற வரைக்கும் தினமும்."

அவள் போய்ப் படுத்துவிட்டாள். நாங்கள் ஸஹர் உண்டு முடிப்பதற்குள் உறங்கியும்விட்டாள். அன்று தொடங்கி எங்கள் காவல் முறை தேவைப்படவில்லை. இஷா பாங்கு ஒலித்ததும், பெண்கள் தொழும் கூடத்தில் தன் உம்மாவின் தொழுகைப் பாயின் ஓரமாகப் படுத்துக்கொள்வாள். சுற்றிலும் முப்பது பெண்கள் நின்றும் குனிந்தும் எழுந்தும் தொழுதுகொண்டிருக்க, நடுவே ஆழ்ந்து உறங்குவாள். தூக்கி வந்து வீட்டில் கிடத்துவேன். இமையைத் திறந்து பார்க்கும் விரல் அந்த மாதம் முழுவதும் வரவில்லை.

பேரிடருக்குப் பிறகு குழந்தைகளின் அச்சத்தைப் போக்க எத்தனையோ நல்லோர் பாடுபட்டார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் எங்கள் மாவட்டத்தில் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். படம் வரையச் செய்தும் விளையாடச் செய்தும் குழந்தைகளை மெல்லப் பேசவைத்தார்கள். அவற்றின் பயனை நான் குறைத்துக் கூறவில்லை. அஞ்சாதே என்ற சொல்லைவிட, அடுத்த வீட்டில் எரியும் விளக்கு ஐந்து வயதுக்கு எளிதில் விளங்குகிறது என்று மட்டும் சொல்கிறேன். தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. கூதிர்காலத்தைப் பாடிய நக்கீரரின் நெடுநல்வாடையில் அரண்மனையில் அரசியும் உறங்குவதில்லை. பாசறையில் அரசனும் உறங்குவதில்லை. வாடை வீசும் நள்ளிரவில் அவன் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். வகுப்பில் அப்பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்குக் குடைபிடித்த ஃபக்கீர்சாவின் உருவம் தோன்றுகிறது; மாணவர்களிடம் சொல்வதில்லை.

பகற்பொழுதில் அவளுக்கு வேறோர் அலுவல் இருந்தது. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. லுஹர் முடிந்ததும் பெரிய தேக்சாக்களில் பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கொதிக்கத் தொடங்கும். இஞ்சி பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து மணம் தெருமுனை வரை வரும். ஈர விறகு புகைந்து சமையற்காரரின் கண்களைச் சிவக்கவைக்கும். அஸருக்குப் பின் தூக்குவாளிகளோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். தெருவில் தண்ணீர் நின்றால் படியை விட்டு இறங்காதவள், கஞ்சிக்காக இறங்கினாள். முதல் நாள் என் இடுப்பில். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு. மூன்றாம் வாரத்தில் மாமி மகன் நானாவுடன், நான் இல்லாமலே. தண்ணீரில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாள். அதை மட்டும் விடவில்லை. அந்த மாதம் ஒன்பது அரைநோன்புகள் பிடித்தாள். இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்று உம்மம்மா சொல்லிவைத்ததால், தனக்கு நான்கரை நோன்பு என்று வருவோர் போவோரிடமெல்லாம் கணக்குச் சொன்னாள். மஃரிபுக்கு முன் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். கஞ்சிக் கோப்பையில் விழாமல் கையால் மூடிக்கொண்டு பாங்குக்குக் காத்திருப்பாள். பகல் முழுவதும் பட்டினி கிடந்த பெரியவர்களைவிட அவளுக்கே அவசரம் அதிகம்.

கஞ்சியில் ஒரு பங்கு தற்காலிகக் குடியிருப்புகளுக்கும் போனது. கடலால் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் அந்த மழைக்காலத்தைத் தார்த்தகட்டுக் கூரையின் கீழ்க் கழித்தன என்பது பலருக்கு மறந்திருக்கலாம். கோடையில் அக்கூரை கொதித்தது. ஐப்பசியில் தரையெங்கும் நீர் ஊறியது. இளைஞர்கள் மிதிவண்டியில் வாளிகளைக் கட்டிக்கொண்டு போவார்கள். ஒருநாள் நானும் மகளும் உடன் சென்றோம். அங்கே அவளையொத்த ஒரு சிறுமி, கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டு, இது எங்கள் வீட்டுக் கஞ்சி போல் இல்லையே என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கேட்டாள். என் மகள் அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "ராத்திரி உங்க வீட்ல யாரு முழிச்சிருப்பா?" அந்தச் சிறுமி சற்றும் தயங்காமல், "எங்க அப்பா. மூணு மணிக்குக் கடலுக்குப் போவாரு" என்றாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடலுக்கு அஞ்சித் தான் விழித்திருக்கும் நேரத்தில், அதே கடலுக்குள் ஒருவர் படகைத் தள்ளிக்கொண்டு போகிறார் என்பதை அவளால் உடனே ஏற்க முடியவில்லை. வீடு வரும் வரை பேசாமல் வந்தாள்.

அவ்வாண்டு தீபாவளி நவம்பர் 1. நமது இருபத்தேழாம் இரவும் அதையொட்டியே வந்தது. இறப்பு நேர்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடாதது இந்துச் சகோதரர்களின் வழக்கம். குப்பங்களில் ஏறத்தாழ எல்லா வீடுகளுமே அப்படிப்பட்ட வீடுகள். ஆகவே வெடியும் இல்லை, புத்தாடையும் இல்லை. துக்க வீட்டுக்கு உற்றார் பலகாரம் கொடுத்தனுப்புவது உண்டு. அன்று உற்றாரும் துக்கத்தில் இருந்தார்கள். என் மாமியார் வட்டிலப்பம் அவித்து, அந்தச் சிறுமியின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பெருநாளைக்குத்தானே அது செய்வோம் என்று அண்டை வீட்டார் கேட்டதற்கு, "முட்டையும் வெல்லமும் வீட்டுல இருக்கு, அதுக்கென்ன இப்ப" என்று முடித்துவிட்டார்.

நோன்பு இருபத்தைந்தைக் கடந்ததும் மகள் முகத்தில் மாற்றம் கண்டேன். புதுத்துணி தைத்து வந்திருந்தது, மருதாணி அரைத்தாயிற்று. ஆயினும் அவள் களிப்புறவில்லை. பிறை பார்க்கும் மாலையில் மொட்டைமாடிகளெங்கும் பிள்ளைகள் நின்று மேற்கே நோக்கிக்கொண்டிருந்தார்கள். மேகம் திரண்டு மூடியிருந்தது. ஊர்ப்பிள்ளைகள் அனைவரும் பிறை தெரிய வேண்டும் என்று வேண்ட, இவள் மட்டும் தெரியக்கூடாதென்று வேண்டிக்கொண்டு நின்றாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரவில் அறிவிப்பு வந்துவிட்டது. தக்பீர் முழக்கம் எழுந்தது. அவள் என் சட்டையைப் பற்றி இழுத்து, "நாளைலேர்ந்து யாரு வாப்பா முழிச்சிருப்பா?" என்று கேட்டாள்.

இதற்கு என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. இறைவன் உறங்குவதில்லை என்று சொன்னேன். அது அவளுக்குத் தெரியும், ஓதிக்கொடுத்தவனே நான். ஆனால் அவள் கேட்டது சன்னல் வழியே தெரியும் விளக்கைப் பற்றி. விடை சொன்னவர் உம்மம்மாதான். விரலை மடக்கி எண்ணினார். இரவு வண்டியை ஓட்டி வரும் ரயில்காரர். ஆசுபத்திரி நர்சம்மா. பேக்கரியில் ரொட்டிக்கு மாவு பிசைபவர். அந்தப் பிள்ளையின் அப்பா, மூன்று மணிக்கு. பிறகு நம் பள்ளிவாசல் மோதினார், நாலு மணிக்கு. பெருநாள் இரவு அவள் உறங்க மறுக்கவில்லை. ஆனால் செருப்பு சன்னல் திட்டில்தான் இருந்தது.

மோதினாரைப் பற்றி ஒரு சொல். முதியவர், பஜ்ருக்கு முன்பாகப் பழைய மிதிவண்டியில் எங்கள் தெரு வழியாகத்தான் பள்ளிவாசலுக்குப் போவார். குழந்தையின் கேள்வியை எவ்வாறோ கேள்விப்பட்டிருக்கிறார். ஷவ்வால் முதல் வாரத்தில் ஒரு விடியலில் எங்கள் சன்னலுக்கு நேரே மிதிவண்டி மணி இருமுறை ஒலித்தது. மறுநாளும் ஒலித்தது. நாங்கள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டுதான் இருப்பாள். காலையில் எழுந்ததும், "மணி அடிச்சாங்களா?" என்று கேட்டு, ஆமென்றால் பல் துலக்கப் போவாள். நள்ளிரவு வரை என் காவல் சில வாரங்கள் தொடர்ந்தது. பிறகு பதினொரு மணியாகியது, பிறகு பத்தாகியது.

டிசம்பர் 10 அன்று 'ஃபானூஸ்' புயல் வேதாரண்யத்தருகே கரைகடந்தது. எங்களுக்குத் தெற்கே சிறிது தொலைவுதான். கடல் இரைந்தது, மின்சாரம் இல்லை, தென்னைகள் வளைந்து வீசின. அந்த நாட்களின் இரவுகளில் மகள் கண் மூடவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. மாடிப்படியில், மடியில் செருப்புகளோடு, என் தோளில் சாய்ந்திருந்தாள். ஒரு விடியற்காலை, காற்று இரைச்சலின் நடுவே மணியோசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். மிதிவண்டியில் ஏறிச் செல்ல முடியாத காற்று. முதியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு, முழங்கால் வரை நனைந்து போய்க்கொண்டிருந்தார். எங்கள் சன்னலைத் தாண்டும்போது கையை நீட்டி இன்னொரு முறை மணியை அழுத்தினார். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் இல்லாததால் அன்றைய பாங்கு எங்கள் வீடு வரை எட்டவில்லை.

2007இல் அவர் காலமானார். அதே ஆண்டு கோடையில் ஒரு வியாழன் மாலை, மாமி வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போன மகள் மஃரிபுக்குச் சற்று முன் திரும்பி வந்தாள். பாவாடையின் விளிம்பு ஈரமாக இருந்தது. ஒட்டியிருந்த மணலை உதறிக்கொண்டு, சில்லடிக்குப் போனதாகச் சொன்னாள். அலை எதுவரை வந்தது என்று நான் கேட்டேன். முழங்காலுக்குக் கீழே கையால் காட்டினாள். செருப்புகளை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.